இயற்கைதானே, ஒண்ணும் செய்யாது!

நம் ஊரில் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்தால் போதும், அன்று சாயங்காலமே அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மருத்துவக் கல்லூரி திறந்துவிடும். சொந்தக்காரர்கள் எல்லாரும் பேராசிரியர்கள். எதிர்வீட்டுக்காரர் வருகைதரு பேராசிரியர். அடுக்கக வீடு என்றால் வாட்ஸப் குழுவின் அட்மின்தான் டீன். பாடத்திட்டம் ரொம்ப எளிது. வாழைத்தண்டுச் சாறு கிட்னியைக் கழுவும். இளநீர் உடம்பைக் குளிர்த்தும். கீரைச் சாறு கிரியாட்டினினை இறக்கும். டயாலிசிஸ் ஒருதரம் போய்விட்டால் அப்புறம் ஆளை விடாது. கட்டணம் கிடையாது, வருகைப்பதிவு கிடையாது. பரீட்சை மட்டும் உண்டு. அதை எழுதுவது நோயாளியின் இதயம். ஃபெயிலானால் அரியர்ஸ் வைத்து எழுத முடியாது.

அந்தப் பரீட்சைக்குப் பெயர் பொட்டாசியம். நம் உடம்பில் இருக்கிற பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. வெளியே ரத்தத்தில் இருப்பது சொற்பம்: லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. உள்ளே அவ்வளவு, வெளியே இவ்வளவு என்ற இந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் தசை இயங்குகிறது, இதயம் துடிக்கிறது. தினமும் சாப்பாட்டில் வந்து சேர்வதில் பத்தில் ஒன்பது பங்கைச் சிறுநீரகம் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். அது படுத்துவிட்டால் தள்ள ஆள் இல்லை. ரத்தத்தில் அளவு 6.5-ஐத் தொட்டால் அவசர சிகிச்சை. அதற்கு மேலே போனால் இதயம் எந்த நிமிடமும் தாளம் தப்பலாம்.

இதில் கொடுமை, அறிகுறி என்று ஒன்றைக் கையில் பிடித்துக் காட்ட முடியாது. சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், மூச்சுக்குழல் சுருங்கினால் இழுக்கும். பொட்டாசியம் ஏறினால் பலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குக் கால் கனக்கும், உடம்பு ஓய்ந்து வரும், நெஞ்சு ஒருமாதிரி படபடக்கும். இன்னும் சிலருக்கு முதல் அறிகுறியே இதயம் நிற்பதுதான். பிறகு ஊரார் கூடி, “நேத்து ராத்திரிகூட நல்லா பேசிக்கிட்டுத்தான் இருந்தார்” என்பார்கள். பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார். கையில் அவர்கள் கொடுத்த டம்ளர் இருந்திருக்கும்.

பொட்டாசியத்தின் வல்லமையை நன்றாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தியவர்கள் இரண்டு தரப்பார். ஒன்று, அமெரிக்க மாநில அரசுகள். 1977-ல் ஒக்லஹோமா விஷ ஊசி மரண தண்டனைக்குச் சட்டம் போட்டது. 1982 டிசம்பரில் டெக்சாஸ் அதை முதலில் நிறைவேற்றியது. பல மாநிலங்கள் பின்பற்றிய முறையில் வரிசையாக மூன்று மருந்துகள். முதலாவது மயக்க, இரண்டாவது தசைகளை முடக்க, மூன்றாவது இதயத்தை நிறுத்த. அந்த மூன்றாவதுதான் பொட்டாசியம் குளோரைடு. அதற்கு அங்கே நீதிபதி வேண்டும், ஜூரி வேண்டும், அடுத்தடுத்து மேல்முறையீடு உண்டு, கவர்னரிடம் கருணை மனு போடலாம். இங்கே ஒரு பெரியப்பா போதும். ஊசிகூட வேண்டாம், ஸ்ட்ரா போட்டுக் கொடுத்துவிடுவார்.

இரண்டாவது தரப்பு நாம்தான். மதுரை, விருதுநகர், தேனிப் பக்கத்து ஊர்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்ததைப் பத்திரிகைகள் எத்தனையோ தடவை எழுதிவிட்டன. படுக்கையில் விழுந்த கிழவனுக்கோ கிழவிக்கோ விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை மாற்றி மாற்றிப் புகட்டுவார்கள். சிறுநீரகம் ஓய்ந்து, காய்ச்சல் கண்டு, ஓரிரு நாளில் கதை முடியும். இதை வைத்து வந்த ‘பாரம்’ படத்துக்கு 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதே கொடுத்தார்கள். ஆக, தளர்ந்துபோன உடம்பில் இளநீர் என்ன வேலை செய்யும் என்று நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். தெரியும். தேவைப்பட்டபோது சரியாகவே தெரிந்திருந்தது. டயாலிசிஸ் வார்டில் மட்டும் மறந்துபோகிறது.

“அங்கே கொல்லக் கொடுத்தார்கள், இங்கே பாசத்தில் கொடுக்கிறோம்” என்று கோபித்துக்கொள்வார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் சுமாரான ஓர் இளநீர்க் காயில் 600 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கும் பொட்டாசியத்தில் எது பாசப் பொட்டாசியம், எது பகைப் பொட்டாசியம் என்று பிரித்துப் பார்க்கும் வசதி இதயத்துக்கு இல்லை. சிறுநீரகம் முற்றிலும் கெட்ட பலருக்கு நாள் முழுவதுக்கும் சேர்த்தே 2,000 முதல் 2,500 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவர் வெயிலில் இரண்டு காய் குடித்தால் சொர்க்கம் தெரியும். மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும். கெட்டவர் குடித்தாலும் சொர்க்கம் தெரியும், நேரிலேயே.

எங்கள் சித்தப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் காதுகுத்து. பந்தியில் வாழைத்தண்டுப் பொரியல், கீரை மசியல், தக்காளி ரசம் எல்லாம் வரிசையாக இலைக்கு வந்தன. சித்தி கண்ணாலேயே அதட்டிக்கொண்டிருந்தார். சாப்பிட்டு வெளியே வந்தவரின் கையில் மச்சான் ஒருவர் சீவிய காயைத் திணித்தார். “அவங்களுக்கு ஆகாதுங்க” என்று சித்தி சொல்லச் சொல்ல, மச்சான் சிரித்தார்: “கூல்டிரிங்ஸா குடுக்கறேன்? இயற்கைதானேம்மா, ஒண்ணும் செய்யாது.”

திங்கள் காலை சித்தப்பாவால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. காலைத் தூக்கினால் வரவில்லை. சுகர் இறங்கியிருக்கும் என்று தீர்மானித்து, பக்கத்து வீட்டில் வாங்கிய சாத்துக்குடியைப் பிழிந்து ஒரு டம்ளர் ஊற்றினார்கள். எரிகிற வீட்டில் எண்ணெய். அவசரப் பிரிவில் டியூட்டியில் இருந்த சின்னப் பெண் டாக்டர் ஈசிஜி தாளை உருவிப் பார்த்தார். கூர்கூராக, உயர உயரமாக அலைகள். லேப் ரிசல்ட்டுக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. கால்சியம் குளூக்கோனேட்டை நரம்பில் மெதுவாக ஏற்றச் சொன்னார். அப்புறம் வந்த ரிசல்ட் 7.9. “நேத்து என்ன சாப்பிட்டாங்க?” என்று நர்ஸ் கேட்டார். கூட வந்திருந்த அத்தனை பேரும் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்கள். மச்சான் மட்டும், “லேப்ல தப்பா வந்திருக்கும் சிஸ்டர்” என்றார்.

அப்படியும் நடப்பதுண்டு. கட்டை இறுக்கிக் கட்டி, கையை மூடித் திறக்கச் சொல்லி எடுத்த ரத்தத்திலும், குழாயிலேயே அணுக்கள் உடைந்துபோன ரத்தத்திலும் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். சந்தேகம் வந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். மச்சான்மார் மருத்துவத்தில் படித்துத் தேறியிருப்பது இந்த ஒரு பாராவை மட்டும்தான்.

சித்தப்பா பிழைத்தார். சொல்லப்போனால் இதுதான் இந்த நோயின் பெருந்தன்மை. சரியான நேரத்துக்கு வந்துவிட்டால் இதைச் சமாளிக்க மருத்துவத்திடம் வழி இருக்கிறது, அந்த வழியின் முதல் மருந்துகள் விலை மலிந்தவை. ஆனால் அவை என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். கால்சியம் சில நிமிடங்களில் இதயத்துக்குக் கவசம் போடும். ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் கவசம் கழன்றுவிடும். அடுத்து இன்சுலினும் குளுக்கோஸும். இவை பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் அனுப்பும். நம் அரசாங்கம் லஞ்சம் வாங்கிய அதிகாரிமேல் நடவடிக்கை எடுக்கிற அதே முறை: பணிநீக்கம் இல்லை, பணியிட மாற்றம். நாலைந்து மணி நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். உண்மையாகவே வெளியேற்ற வேண்டுமென்றால் சிறுநீர் பிரிய வேண்டும், அல்லது குடலில் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு போகும் பவுடர் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் டயாலிசிஸ். மருந்தால் ஏறியிருந்தால் மருந்தை மாற்றினால் ஆயிற்று. சிறுநீரகம் போனதால் ஏறியிருந்தால் திரும்பத் திரும்ப ஏறும். அந்த ஆளின் எதிர்காலம், அடுத்த டயாலிசிஸுக்கு இன்னும் எத்தனை நாள், அதற்குள் எத்தனை மச்சான்கள் வருவார்கள் என்ற இரண்டு கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சித்தப்பா வார்டுக்கு மாறிய அன்று பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்தவை: ஒரு சீப்பு வாழைப்பழம், அரை டஜன் மாதுளை, ஒரு பாட்டில் சத்து மாவு, ஒரு குலதெய்வத்தின் விபூதி. இதில் பொட்டாசியத் தொல்லை இல்லாதது விபூதி மட்டும்தான் என்று நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது, சாம்பலிலும் பொட்டாசியம் உண்டு.

மச்சான்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது பெரிய இடத்துக்கு நான் செய்யும் உபகாரம் ஆகிவிடும். வாரம் இரண்டு நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? உலகம் முழுக்கப் பாடப்புத்தகம் சொல்வது வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். இந்த நாட்டில் ஏராளமான பேர் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காரணம் மருத்துவம் இல்லை, மணிபர்ஸ். “டயாலிசிஸ்தான் இலவசமாயிற்றே!” என்பார்கள். வாஸ்தவம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. மத்திய அரசும் 2016-ல் ஏழைகளுக்கென்று தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவித்தது. மிஷின் இலவசம். மிஷின் இருக்கும் ஊருக்குப் போகும் பஸ் இலவசமா? கூடப் போகிறவரின் அன்றைய கூலி இலவசமா? விடிகாலை ஷிப்டுக்காக முந்தின இரவே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கிடப்பது மட்டும் சந்தேகமில்லாமல் இலவசம்.

2011-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொள்ளும் 32,000-க்கும் மேற்பட்டவர்களின் கணக்கு. வாரக் கடைசியில் வரும் அந்தப் பெரிய இடைவெளி முடிந்த மறுநாளில் சாவு கூடுதல்: ஆண்டுக்கு நூறு பேருக்கு 22.1 என்ற வீதம். மற்ற நாட்களில் 18.0. இடைவெளியில் தேங்குவது தண்ணீரும் பொட்டாசியமும்தான். மூன்று தடவை செய்துகொள்பவர்களுக்கே ஒருநாள் கூடினால் இந்தக் கதி. எங்கள் செவ்வாய்–வெள்ளிக்காரர்களுக்கோ ஒவ்வொரு இடைவெளியும் பெரிய இடைவெளிதான். நடுவில் பொங்கல் வரும், புயல் வரும், பந்த் வரும், “மிஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க” வரும். பொட்டாசியத்துக்கு அரசு விடுமுறைப் பட்டியல் யாரும் அனுப்புவதில்லை.

மருந்துக்கடைப் பக்கம் வருவோம். ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்தைக் காப்பதற்கும் டாக்டர்கள் எழுதும் ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மருந்துகள் நல்ல மருந்துகள். பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் அவற்றுக்குப் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும் குணம் உண்டு. அதனால் ஆரம்பித்த சில வாரங்களில் ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். நம் ஊரில் சீட்டு ஒன்று எழுதி வாங்கினால் அது பரம்பரைச் சொத்து. ஐந்து வருஷம் அதே சீட்டைக் காட்டி அதே மாத்திரை. முட்டி வலித்தால் அதே கடையில், அதே பையனிடம், “வலிக்கு நாலு குடு தம்பி”. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் கைவிடும். ஊரறிந்த கூட்டணி இது. தேர்தல் இல்லாமலே ஜெயித்துவிடும்.

படித்த நாட்டில்கூட இந்த விளையாட்டு நடந்திருக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை உயிர் காக்கும் என்று 1999-ல் ஓர் ஆய்வு நிரூபித்தது. கனடாவின் ஒண்டாரியோவில் டாக்டர்கள் சந்தோஷமாக எழுதித் தள்ளினார்கள். 2004-ல் கணக்குப் பார்த்தபோது, அங்கே இதய நோயாளி முதியோரிடையே பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு 2.4-லிருந்து 11 ஆகியிருந்தது. அதனால் செத்தவர்கள் ஆயிரத்துக்கு 0.3-லிருந்து 2 ஆகியிருந்தது. மருந்தில் குற்றம் இல்லை. ஆய்வில் நோயாளிகளைப் பொறுக்கி எடுத்து, ரத்தத்தை அளந்து அளந்து கொடுத்தார்கள். வெளியே அந்தப் பாதியைப் பலர் விட்டுவிட்டார்கள். கணக்கு எடுத்ததால் கனடாவுக்குத் தெரிந்தது. நாம் கணக்கே எடுப்பதில்லை. ஆகையால் நம்மிடம் இந்தப் பிரச்சினை இல்லை.

உப்பு வியாபாரிகளை மறந்தால் கோபித்துக்கொள்வார்கள். ‘சோடியம் குறைவு’ என்று ஒரு பாக்கெட், மேலே சிவப்பாக ஒரு இதயம். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் போட்டிருப்பது பொட்டாசியம் குளோரைடு. ஆரோக்கியமானவருக்கு நல்லதுதான். சீனாவின் கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் சோதித்து, பக்கவாதம் குறைந்ததை 2021-ல் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இந்த வகை உப்புக்குச் சாதகமாகவே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் அதிலேயே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கிவைத்திருக்கிறது. இந்த விலக்கு கடை அலமாரிக்கு வரும்போது இதயம் பெரிய எழுத்தாகி, எச்சரிக்கை எறும்பெழுத்து ஆகிவிடுகிறது. பி.பி.யும் கிட்னியும் கைகோத்து வரும் வியாதிகள். எனவே இந்த உப்பை ஆசையாக வாங்குகிற ஆளும் வாங்கவே கூடாத ஆளும் பலநேரம் ஒரே ஆள். (இந்துப்புக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். உங்களுடையது பெரும்பாலும் சாதா உப்புதான், விலை மட்டும் இமயமலை.)

சரி, பாக்கெட்டைத் திருப்பிப் படித்துத் தெரிந்துகொள்ளலாமே? முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள் சர்க்கரை, கொழுப்பு, சோடியம் எவ்வளவு என்று கட்டாயம் போடச் சொல்கின்றன. பொட்டாசியம் கட்டாயப் பட்டியலில் இல்லை. அமெரிக்கா 2016-லேயே கட்டாயமாக்கிவிட்டது. இங்கே ‘ஐஎன்எஸ் 508’ என்று ஒரு எண் இருக்கும். பொட்டாசியம் குளோரைடின் புனைபெயர் அது. சிறுநீரக நோயாளி ஒருவர் பிஸ்கட் வாங்க வேண்டுமென்றால் முதலில் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வர வேண்டும் என்பது ஆணையத்தின் எதிர்பார்ப்பு போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டயட் சார்ட் அதைவிட விசேஷம். ஆங்கிலத்தில் இருக்கும். அவகாடோ கூடாது, கிவி கூடாது, ஆப்ரிகாட் கூடாது. உசிலம்பட்டியில் ஒரு மனுஷன் ஆப்ரிகாட்டை விட்டொழித்து வைராக்கியமாக வாழ்ந்துவிடுவான், அதில் கஷ்டமில்லை. வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, இளநீர், கருப்பட்டி பற்றி ஒரு வரி இருக்காது. காயை நறுக்கி ஊறவைத்து, நிறைய தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டினால் பொட்டாசியம் கணிசமாகப் போய்விடும் என்பதை யாராவது சித்தியிடம் தமிழில் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் அவர் வழக்கம்போல, “சத்தெல்லாம் தண்ணிலதான இருக்கு” என்று கீரைத் தண்ணீரை எடுத்து ரசம் வைத்துக்கொண்டிருந்தார். சத்தெல்லாம் அதில்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை.

இந்த இடைவெளியில் கடை விரித்திருக்கிறார்கள் யூடியூப் வைத்தியர்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர்களைச் சொல்லவில்லை; அவர்கள் பெயரையும் கெடுக்கும் கூட்டத்தைச் சொல்கிறேன். “டயாலிசிஸுக்குக் குட்பை!” என்று தலைப்பு. கழுத்து நிறைய ருத்திராட்சம், பின்னால் பச்சைத் திரை. இருபத்தோரு நாள் சாறு குடித்தால் சிறுநீரகம் புதிதாகிவிடுமாம். அந்த இருபத்தோரு நாளில் டயாலிசிஸை நிறுத்தியவர் யாரும் திரும்பி வந்து கமெண்ட் போடுவதில்லை. அதனால் கமெண்ட் எல்லாம் வாழ்த்தாகவே இருக்கிறது. இந்த மாதிரி விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே மருந்து, மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டம் போட்டோம். குணப்படுத்துவதாக விளம்பரமே செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் ‘பிரைட் நோய்’ என்று ஒன்று இருக்கிறது. ரிச்சர்ட் பிரைட் என்ற லண்டன் மருத்துவர் 1827-ல் விவரித்த சிறுநீரக நோயின் பழைய பெயர் அது. எழுபது வருஷமாகச் சட்டம் பிரைட் நோய் வைத்தியர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறது. கிட்னி ஃபெயிலியர் வைத்தியர்கள் பக்கத்துத் தெருவில் பாட்டில் விற்கிறார்கள்.

சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை; செவ்வாய் போனால் வெள்ளி வந்துவிடுகிறது. ஆகவே சித்தப்பா வீட்டு வாசலில் நாங்களே ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். கையில் பையோடு வருகிறவர் உள்ளே போகுமுன் கீழ்க்கண்ட வாசகத்தில் கையெழுத்துப் போட வேண்டும்:

“மேற்படி நோயாளியின் மைத்துனர் / பங்காளி / எதிர்வீட்டுக்காரர் / வாட்ஸப் அட்மின் ஆகிய நான், எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, முழு சுயநினைவோடு எழுதிக்கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் என்னவென்றால், இன்றைய தேதியில் நான் கொண்டுவந்திருக்கும் இளநீர் வகையறா, சாறு வகையறா, பழ வகையறாக்களை மேற்படியார் அருந்தி, அதனால் அவரது ரத்தப் பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டும் பட்சத்தில், ஆம்புலன்ஸ் வாடகை, ஐசியூ முன்பணம், அவசர டயாலிசிஸ் செலவு சகலத்துக்கும் நானும் என் வாரிசுகளும் கட்டுப்பட்டவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடிக்கும் பொறுப்பும் என்னைச் சேர்ந்தது. தவறும் பட்சத்தில், பதினாறாம் நாள் பந்தியில் உட்கார்ந்து ‘அவருக்கு விதி அவ்வளவுதான்’ என்று சொல்லும் உரிமையை இதன்மூலம் விட்டுக்கொடுக்கிறேன்.”

இதுவரை ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை நீட்டியதும் எல்லாருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது.